மிதித்தால் சன்னம், விட்டால் சத்தம்

கார்மெண்ட் கம்பெனியில் அவளை எல்லோரும் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜருக்கே அவளுடைய நிஜப் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்தான். காலால் மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி, குழந்தைகள் சட்டையில் உலோகப் பட்டனைப் பதித்துவிட்டு மறுபடி ஏறும் மெஷின் அவளுடையது. கல்யாணமான மறு வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்தவள், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முட்டி தேய்ந்து, இடுப்பு பிடித்து, கட்டிலில் திரும்பிப் படுப்பதே இப்போது பெரும்பாடாக இருந்தது.

இந்தச் சனிக்கிழமையோடு வேலையை விடப்போகிறாள். சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பக்கத்து மெஷின் பெண்கள் கேட்டார்கள். தூங்கப் போகிறேன் என்றாள். சரி, செவ்வாய்க்கிழமை? திங்கட்கிழமை மிச்சம் வைத்த தூக்கத்தைத் தூங்குவேன் என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருவில் அவர் வேன்காரர், வேனுக்குள் இருக்கும் பொடிசுகளுக்கு வேன் அங்கிள். இந்த வருஷம் இரண்டாவது பள்ளிக்கூடமும் கிடைத்திருந்தது. இனிமேல் வீட்டை வேன் ஒன்றே இழுத்துக்கொண்டு போய்விடும், நீ உட்காரு என்று அவர்தான் முதலில் சொன்னார். சொன்ன அன்று அவள் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று சொல்லிவிட முடியாது. தலைச்சுமையை இறக்கி வைத்த பிறகுதான் கழுத்து எவ்வளவு வலிக்கிறது என்று தெரியுமே, அந்த மாதிரி அழுகை.

வேன்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு அவதாரம். பட்டன் அக்காவின் தம்பி கீபோர்டு வாசிக்கிறவன். ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் வாரம் ஒரு சாயங்காலம் அவனுடைய குழு வாசிக்கும். அதில் மாமாதான் கிட்டார். வருமானம் ஒன்றும் பெரிதில்லை. சாப்பாடு போடுவார்கள், கை தட்டுவார்கள். வாரம் முழுக்க ஹாரனுக்கும் பிள்ளைகளின் கூச்சலுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் மனுஷன் அந்த ஒரு சாயங்காலம்தான் முதுகை நிமிர்த்தி நிற்பார். அதனால் அதில் மட்டும் அவள் வாயைத் திறப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் வினை வந்தது. கிட்டாரின் சத்தத்தை மாற்றிக் கொடுக்க அவரிடம் ஒரு ப்ராசஸர் உண்டு. தரையில் கிடக்கும் தட்டையான இரும்புப் பெட்டி, அதன் முதுகில் வரிசையாகக் கால் பட்டன்கள். ஒன்றை மிதித்தால் சத்தம் சன்னமாக இழையும். இன்னொன்றை மிதித்தால், கிட்டார் மட்டும் தனித்து வாசிக்கும் சோலோவுக்கு என்று ஊரையே எழுப்பும். பட்டன்கள் நெருக்கி நெருக்கி இருக்கும். தவறிப்போய் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டையும் ஒன்றாக மிதித்துவிட்டால், இவர் சுருதி சேர்க்கப் போகிறார் போலிருக்கிறது என்று பெட்டி தானாக முடிவு பண்ணிக்கொண்டு வாயை மூடிவிடும். போன வாரம் நல்ல சோலோ நடுவில் அப்படித்தான் மூடிக்கொண்டது. அதற்கு முந்தின வாரமும் இதே கதைதான். கூட்டத்தில் யாரோ கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எழுந்தே விட்டார்களாம்.

தம்பி நல்லவன், ஆனால் குழுவுக்குத் தலைவன். புதன்கிழமை சாயங்காலம் தனி ஃபுட்ஸ்விட்ச் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தான். கைப்பிடி அளவில், கனமான அடிப்பாகத்தோடு, மிதித்தால் அமுங்கி விட்டால் எழும்பும் பெடல்கள். ப்ராசஸரின் பின்பக்கத்தில் ஒயரால் இணைத்து, இரண்டையும் நன்றாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டால் ஒன்றை மிதிக்கப்போய் இன்னொன்றை மிதிக்க வேண்டியிருக்காது. இந்த ஞாயிறும் சத்தம் நின்றால் சோலோவை நானே கீபோர்டில் வாசித்துவிடுவேன் மாமா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

அன்று சாயங்காலமே வேன்காரர் சாமான்களைப் பரப்பினார். பெட்டியின் திரையில் இருக்கும் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போட்டால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரியும், தரையில் இருப்பது கலங்கும். ஆகவே முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டியவள் பட்டன் அக்காதான். பகல் பூராவும் ஒரு பெடலை மிதித்துவிட்டு வந்தால் வீட்டில் இரண்டு பெடல் காத்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். கிட்டாருக்கு மாட்டுகிற ஒயரைச் செருகியதில் ஒரு பெடல் வேலை செய்தது, இன்னொன்று செத்துக் கிடந்தது. தம்பிக்குப் போன் போட்டார்கள். அந்த ஒயரின் முனையில் ஒரே ஒரு கறுப்பு வளையம்தான் இருக்கும் அக்கா, இரண்டு பெடலுக்கும் சேர்த்து இரண்டு வளையம் இருக்கிற ஸ்டீரியோ ஒயர் வேண்டும், அது என் பையிலேயே இருக்கிறது, கொடுக்க மறந்துவிட்டேன் என்றான். அக்கா அவனைப் போனிலேயே வறுத்து எடுத்தாள்.

வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது ஒயர் வந்திருந்தது. செருகினார்கள். பட்டன் அக்கா திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, வெளிப் பெடல்களுக்கான பக்கத்தைக் கண்டுபிடித்தாள். இடது பெடல் எதிரொலிக்கு. வலது பெடல் சோலோவுக்கு, அதை மிதித்திருக்கும்வரை சத்தம் எழும்பி நிற்கவேண்டும், விட்டால் அடங்கவேண்டும். அவர் சொல்லச் சொல்ல அவள் வைத்தாள். பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் பதியும் என்று திரையில் வந்தது. வேன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து பெட்டியை அணைத்துப் போட்டார்.

இடது பெடல் சொன்னபடி கேட்டது. வலது பெடல் நேர்மாறாக நடந்துகொண்டது. மிதித்தால் சன்னமாக இழைந்தது, காலை எடுத்தால் கத்தியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காலைத் தூக்காமல் ஊன்றிக்கொண்டே நின்றால்தான் அமைதியாக வாசிக்க முடியும் என்கிற நிலைமை. அணைத்தார், போட்டார், திட்டினார். பெட்டிக்கு எதுவும் உறைக்கவில்லை.

இசைக்கருவிக் கடை மூடுவதற்குள் போய்விடலாம் என்று எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார்கள். அவள் முன் இருக்கையில், மடியில் பெட்டியோடு. சிக்னலில் வேன் ஒரு குலுக்குக் குலுக்கி, கோட்டைத் தாண்டித்தான் நின்றது. பிரேக்கைக் கொஞ்சம் பார்க்கணும் என்றார். போன மாதமும் இதையேதான் சொன்னீர்கள் என்றாள்.

கடை மெக்கானிக் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்து, மாட்டி, போட்டுப் பார்த்தார். வலது பெடலைக் கையால் அமுக்கினார். சத்தம் எழும்பியது. விட்டார். அடங்கியது. திருப்பித் திருப்பிச் செய்து காட்டிவிட்டு, பெட்டியில் கோளாறே இல்லை என்றார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். கண் விழிக்கும்போது பெடல் எப்படி இருக்கிறதோ அதுதான் சும்மா இருக்கும் நிலை என்று இந்தப் பெட்டி எடுத்துக்கொள்ளும். போடுகிற நேரத்தில் யாராவது பெடலை மிதித்துக்கொண்டிருந்தால், மிதித்த நிலையே சும்மா இருக்கும் நிலை என்று ஆகி, எல்லாம் தலைகீழாகிவிடும். வீட்டில் ஆன் பண்ணும்போது யாராவது மிதித்துக்கொண்டு இருந்தீர்களா என்று கேட்டார். வேன்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் எதுக்கு மிதிக்கப் போறேன் என்றார். திரும்பி வரும்போது வழி நெடுக அதைப் பற்றியே பேசினார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் பழைய கதை. மிதித்தால் சன்னம், விட்டால் சத்தம். அவர் வெறுத்துப்போய் முகம் கழுவப் போனார். அந்த நேரத்தில் பட்டன் அக்கா தன் போக்கில் பெட்டியை அணைத்து, போட்டு, பெடலைக் கையால் அமுக்கினாள். திரையில் விளக்கு எரிந்தது, விட்டதும் அணைந்தது. ஒழுங்காக வேலை செய்தது. அவர் துண்டோடு வந்து பார்த்தார். அப்படியா, இரு என்று ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு, குனிந்து, தன் கையால் ஒருமுறை அணைத்துப் போட்டார். தலைகீழ். பெட்டிக்கு உங்கள் மூஞ்சியே பிடிக்கவில்லை என்று அவள் சிரித்தாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் அணைத்தார்.

இந்தத் தடவை அவள் தரையில் உட்கார்ந்து, திரையை விட்டுப் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிகிறபோது வலது கால் தானாக முன்னே நகர்ந்து, பாதத்தின் முன்பாதி பெடல்மேல் ஏறி உட்கார்ந்தது. பெடல் முழுசாக அமுங்கியிருந்தது. அந்தக் கோலத்தில்தான் கை பெட்டியைப் போடப் போய்க்கொண்டிருந்தது.

“காலை எடுங்க,” என்றாள்.

“எந்தக் காலை?”

“வலது காலை. பெடல் மேல வச்சுக்கிட்டேதான ஆன் பண்றீங்க.”

“வைக்கலையே,” என்றார்.

முறைப்பாகச் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறாரே என்று எரிச்சலோடு நிமிர்ந்தவளுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாகப் போய்விட்டன. அவர் நிஜமாகவே வைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். “குனிஞ்சு பாருங்க,” என்றாள். பார்த்தார். தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மெல்லத் தூக்கி ஓரமாக வைத்தார்.

அவள் பெட்டியைப் போட்டுவிட்டு, அவர் காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடுங்கள் என்றாள். மூடினார். கட்டைவிரலைப் பிடித்துக் கிள்ளினாள். பட்டன் போட்டுப் போட்டு உரமேறிய விரல், அது கிள்ளினால் கல்லுக்கும் வலிக்கும். இன்னும் தொடலையா என்று கேட்டார் அவர். பாதத்தை எடுத்துப் பெடல்மேல் வைத்து அமுக்கினாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இப்போ மிதிச்சிருக்கேன் என்று அவர் சொன்னபோது கால் தரையில் இருந்தது. இப்போ இல்லை என்று சொன்னபோது திரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை போடுவார், டாக்டரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடுவார். போன மாதம் ஒருநாள் ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கேயோ கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் எந்த உலகத்தில் நடக்கிறீர்கள் என்று அவள் கத்தினாள். அவரும் மறதி என்று சொல்லிவிட்டார். சிக்னலில் வேன் குலுங்கியதும், கோட்டைத் தாண்டியதும், பிரேக்கைப் பார்க்கணும் என்று அவர் சொன்னதும் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய அதே நொடியில் சனிக்கிழமையும் ஞாபகத்துக்கு வந்தது. வேன் நின்றால் வீடு நிற்கும். வீடு நிற்காமல் இருக்க அவள் மறுபடி அந்த மெஷின் முன்னால் போய் உட்காரவேண்டும், எத்தனை வருஷத்துக்கு என்று யாருக்குத் தெரியும். அந்த நினைப்பிலேயே அவள் முட்டி ஒருமுறை கடுத்தது. அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

“ஸ்டூல்லயே உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப் போயிருக்கும்.”

“ஆமா,” என்று அவர் அவசரமாகப் பிடித்துக்கொண்டார். “மரத்துத்தான் போயிருக்கு. கொஞ்சம் நடந்தா சரியாயிடும்.”

நடந்தார். கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு, சரியாகிவிட்டது என்றார். அவளும் நல்லதாப் போச்சு என்றாள். அப்புறம் அவர் காலை நன்றாகத் தள்ளி வைத்து, பெட்டியை அணைத்துப் போட்டார். வலது பெடல் சாதுவாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்து மிதித்து, சோலோ முழுவதையும் வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஒவ்வொரு சுரமும் கேட்டது, ஒன்றும் ஏறவில்லை. தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ளத் தனக்கும் ஒருமுறை உரிமை இல்லையா என்று அவளுக்குக் கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. அன்று சாப்பாட்டில் உப்பே இல்லை, இரண்டு பேரும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் வழக்கம்போல ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். அவர் வேனுக்கு, அவள் பஸ் ஸ்டாப்புக்கு. வாசலைப் பூட்டிவிட்டுத் திரும்பியவள் வேனைப் பார்த்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போனது. கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி, ரொம்ப நாள் பழகிய காரியம் மாதிரி அதைச் செய்தார்.

முன் இருக்கையில் எப்போதும் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து வருவாள். முன்பல் விழுந்த வாயோடு பட்டன் அக்காவுக்கும் சேர்த்துக் கை காட்டுவாள். அக்கா போட்ட பட்டன்தான் அவள் சட்டையில் இருக்கும் என்று வேன்காரர் அவளிடம் கதை விட்டிருந்தார்.

பட்டன் அக்கா போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, இன்னும் காலியாக இருந்த அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து, எட்டிச் சாவியைத் திருப்பி எடுத்தாள். இன்ஜின் அடங்கியது.

“எத்தனை நாளா இப்படிக் குனிஞ்சு பார்த்து ஓட்டறீங்க?”

அவர் சாவியைக் கேட்கவில்லை. “ஸ்கூல் திறந்ததுலேர்ந்து,” என்றார்.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நீ உட்காரு, இனி வேன் பார்த்துக்கும் என்று அவர் சொன்னது அதற்கும் பிறகுதான்.

“தெரிஞ்சுக்கிட்டேதான என்னை வேலையை விடச் சொன்னீங்க? நேத்து மரத்துப் போச்சுன்னும் சொன்னீங்க.”

“மரத்துப் போச்சுன்னு நீதான் சொன்ன,” என்றார். குத்திக்காட்டும் குரல் இல்லை, களைத்த குரல்தான். “ஓட்டிடலாம்னு நினைச்சேன். கட்டில்ல திரும்பிப் படுக்கறதுக்கே முனகற. அதைக் கேட்டுட்டுப் படுத்திருக்க முடியல.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாள். அவர்மேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். நேற்று ராத்திரி முழுக்க இதே சாவியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள், ஆனாலும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளே. அவர் குனியாமல் இருந்திருந்தால், அவள் திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால், இந்நேரம் வேன் தெருமுனையைத் தாண்டியிருக்கும். அவர் வேன் துடைக்கிற துணியை நீட்டினார். அதில் கிரீஸ் இருந்தது. தள்ளிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“போன் போடுங்க,” என்றாள்.

அவர் இன்னொரு வேன்காரருக்குப் போன் போட்டார். வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வலது காலில் உணர்ச்சி இல்லப்பா, நான் ஓட்டக்கூடாது, இன்னைக்கு மட்டும் இல்ல, பிள்ளைங்கள நீ எடுத்துக்க என்று அவர் சொன்னார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். ஆமா, சொல்லாம ஓட்டினது தப்புதான் என்று சொல்லிவிட்டு வைத்தார். சின்னப் பெண்ணின் அம்மாவுக்கும் அவரே போட்டுச் சொன்னார்.

சாயங்காலம் டாக்டரிடம் போகவேண்டும், பஸ்ஸில்தான், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

“கிட்டாரைக் குனிஞ்சு பார்த்து வாசிங்க. அதுல யாரும் சாக மாட்டாங்க.”

அவள் இறங்கினாள். கதவைச் சாத்தப் போகிறபோது அவர் சொன்னார்.

“உன் சனிக்கிழமை போச்சேம்மா.”

அவள் கதவைச் சாத்தினாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் கூட்டம் இருந்தது. உட்கார இடம் இல்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் கனத்தை இறக்கி நின்று, சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். வேலையை விடுவதாகச் சொல்லியிருந்தேன், விடவில்லை, திங்கட்கிழமையும் வருகிறேன் என்றாள். என்னம்மா ஆச்சு, வீட்ல எதுவும் பிரச்சனையா என்று அவர் கேட்டார். நாளைக்குள் கம்பெனி முழுக்கப் பரவும் என்று அவளுக்குத் தெரியும். கால் செத்த ஆள் பிள்ளைகளை வைத்து வேன் ஓட்டினான் என்று அந்த மனுஷனைப் பற்றி அங்கே யாரும் பேசக்கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

“பிரச்சனைல்லாம் ஒண்ணும் இல்ல சார். வீட்ல சும்மா இருக்க நமக்கு வராது.”

சூப்பர்வைசர் சந்தோஷமாகச் சிரித்தார். “நான் அன்னைக்கே சொன்னேன்ல. உங்களுக்கெல்லாம் மெஷின் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வரும்.”

“ஆமா சார்,” என்றாள் பட்டன் அக்கா. பஸ் வந்தது. முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினாள்.